ஐந்தாவது இடத்தில் லைன்மேனா? சின்சினாட்டிக்கு நான் ஆள் எடுத்த கதை

2021 ஏப்ரலில் எனக்கு வந்து சேர்ந்தது சின்சினாட்டி பெங்கால்ஸ். என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகின், டிராஃப்டுக்கு முந்தைய வாரம் எங்கள் ஆபீஸ் கும்பல் ஒரு ஒத்திகை டிராஃப்ட் நடத்தும், ஆளுக்கு ஓர் அணி, ஆள் போதாவிட்டால் இரண்டு, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். சின்சினாட்டி இருக்கும் அதே ஒஹாயோவில் இருப்பவனுக்கு பெங்கால்ஸ் வந்தால் அது பரிசு இல்லை, தண்டனை. யாரை எடுத்தாலும் திட்டுவதற்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த வருஷம் எல்லாம் ஜூமில் என்பதால் கொஞ்சம் தப்பித்தேன்.

தெரியாதவர்களுக்காக: கல்லூரி ஆட்டக்காரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் டிராஃப்ட், முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. லைன்மேன் என்றால், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், ஓரத்தில் டாக்கிள்கள். பந்தை அவர்கள் கொண்டு ஓடுவதில்லை, டிவியில் பெயர் வந்தால் பெரும்பாலும் ஏதோ தப்பு செய்ததற்காகத்தான் வரும்.

பெங்கால்ஸ் கையில் இருந்தது ஐந்தாவது வாய்ப்பு. முந்தைய வருஷம் முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, 2020 நவம்பரில் வாஷிங்டன் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்துவிட்டார். ஊரே ஒரே குரலில் சொன்னது: ஓரிகனின் பெனே சுவெல்லை எடு, டாக்கிள், பையனைக் காப்பாற்று. இன்னொரு பக்கம் ஜமார் சேஸ், எல்எஸ்யு கல்லூரியில் பர்ரோ எறிந்த பந்தைப் பிடித்து 2019 சீசனின் தேசியக் கோப்பையை வென்ற ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர். வேடிக்கை என்னவென்றால் கொரோனாவால் 2020 சீசனை இவர்கள் இருவருமே ஆடவில்லை. மூன்றாவதாகப் பேசப்பட்ட நார்த்வெஸ்டர்ன் டாக்கிள் ரஷான் ஸ்லேட்டரும் ஆடவில்லை. ஒரு வருஷப் பழைய வீடியோவை வைத்துத்தான் எல்லாரும் முடிவெடுத்தோம், நிஜ அணிகளும் அப்படித்தான்.

முதலில் நான் செய்தது, “யார் பெரிய ஆட்டக்காரர்” என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்தது. அதற்குப் பதில் கிடைக்காது. என் அடுத்த வாய்ப்பு 38-ஆவது இடத்தில். அதனால் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஐந்தில் ரிசீவர் எடுத்தால் 38-இல் என்ன லைன்மேன் மிஞ்சுவார், ஐந்தில் லைன்மேன் எடுத்தால் 38-இல் என்ன ரிசீவர் மிஞ்சுவார் என்று எழுதினேன். சேஸ் மாதிரி ஆள் 38-இல் இல்லை. ஆனால் லைன்மேன் பக்கம் பட்டியல் நீண்டுகொண்டே போனது: டிக்கர்சன், ஜென்கின்ஸ், ஹம்ஃப்ரி, காஸ்மி, ரடன்ஸ், ஐக்கன்பெர்க். அந்த வருஷம் லைன் சரக்கு ஆழம்.

எல்லா வருஷமும் அப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020-இல் டாக்கிள்கள் நாலு பேர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஆண்ட்ரூ தாமஸ் நான்காவதாகப் போனார், அப்புறம் புயல் எச்சரிக்கை வந்ததும் பால் பாக்கெட்டுக்கு ஓடுகிற மாதிரி 10, 11, 13 என்று மூன்று பேர் காலி. கடைசியாக மிஞ்சிய டிரிஸ்டன் வர்ஃப்ஸை விடக்கூடாது என்று டாம்பா பே ஒரே ஒரு இடம் முன்னால் வருவதற்குக் கூட விலை கொடுத்தது. அவர் முதல் வருஷமே குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைக் காத்து, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்தார். அந்த மாதிரி வருஷத்தில் எனக்கு ஐந்தாவது இடம் கிடைத்திருந்தால் ரிசீவரைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டேன்.

அப்புறம் 2013-ஐ எடுத்துப் பார்த்தேன், லைன்மேன் விஷயத்தில் எனக்குப் பிடித்த வருஷம் அது. முதல் நாலு பேரில் மூன்று பேர் டாக்கிள்: ஃபிஷர், ஜோக்கெல், லேன் ஜான்சன். நாலாவதாகப் போன ஜான்சன் ஃபிலடெல்ஃபியாவில் பல வருஷம் நிலைத்து நின்றார், இரண்டாவதாகப் போன ஜோக்கெல் ஐந்து சீசனில் ஆட்டத்தைவிட்டே போய்விட்டார். ஏழிலும் பத்திலும் கார்டுகள், கூப்பர், வார்மாக். இருவருமே அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி வரவில்லை. அதே டிராஃப்டில் டேவிட் பாக்டியாரி 109-ஆவதாகப் போய் கிரீன் பே அணியின் இடது டாக்கிளாகப் பல முறை ஆல்-புரோ, அதாவது அந்த வருஷத்தின் சிறந்தவர்கள் பட்டியலில் ஒருவர், ஆனார். இதை வைத்து “லைன்மேனை நாலாம் சுற்றில் எடு” என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், பாக்டியாரி கதை நமக்குத் தெரிவதே அது அபூர்வம் என்பதால்தான். நான் எடுத்துக்கொண்டது வேறு: முதல் பத்துக்குள் கார்டை எடுப்பதற்கு ரொம்பப் பெரிய காரணம் வேண்டும்.

அதில் காசுக் கணக்கும் இருக்கிறது. முதல் சுற்று ஆளை ஐந்தாவது வருஷமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு, ஆனால் அந்தச் சம்பளத்தைக் கணக்கிடும்போது டாக்கிள், கார்ட், சென்டர் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள், அதனால் சென்டருக்கும் டாக்கிள் விலை. பால்டிமோர் தன் அருமையான சென்டர் லிண்டர்பாமுக்கு 2025-இல் அந்த உரிமையை எடுக்காமல் விட்டது இதனால்தான். சென்டர், கார்ட் எல்லாம் இரண்டாம் சுற்றில் எடுப்பது எனக்குச் சௌகரியமாகப் படுவதற்கு இது பாதிக் காரணம்.

சரி, டிராஃப்ட் நாள். ஐந்தாவதில் சேஸ் என்று சொன்னதும் ஜூம் சாட் கொதித்தது. சுவெல் நிஜத்தில் போன மாதிரியே எங்கள் ஒத்திகையிலும் ஏழாவதாக டெட்ராய்ட்டுக்குப் போனார். ஸ்லேட்டரைப் பற்றி அரை மணி நேரச் சண்டை, கை நீளம் 33 அங்குலம்தான், டாக்கிளுக்கு 34 வேண்டும் என்று. இந்த 34 அங்குலத்தைச் சட்டம் மாதிரி பேசுவார்கள். அவர் நிஜத்தில் 13-ஆவதாகப் போய் முதல் வருஷமே இடது டாக்கிளாக நன்றாகவே ஆடினார்.

38-இல் டிக்கர்சன் எனக்கு ஓர் இடம் முன்னால் போய்விட்டார். ஜென்கின்ஸ் இருந்தார். ஆனால் என் தேவை ஓரத்தில் இல்லை, இடது டாக்கிளுக்கு ஜோனா வில்லியம்ஸ் இருந்தார், வலது பக்கத்துக்கு ரைலி ரீஃபை மார்ச்சில்தான் வாங்கியிருந்தார்கள். ஓட்டை நடுவில், சென்டர் டிரே ஹாப்கின்ஸுக்கும் அந்த ஜனவரியில் முழங்கால் போயிருந்தது. ஓக்லஹோமாவின் கிரீட் ஹம்ஃப்ரியை எடுத்தேன். இடது கையால் பந்தைக் கொடுப்பவர் என்று சிலர் முகம் சுளித்தார்கள், எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மூன்றாம் சுற்றில், டிவிஷன் மூன்று என்ற கீழ்மட்டப் பிரிவில் ஆடும் கல்லூரியிலிருந்து வந்த குவின் மைனெர்ஸை கார்டாக எடுத்தேன். டென்னசியின் டிரே ஸ்மித்தும் மனதில் இருந்தார், ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர், மருத்துவ ரிப்போர்ட் பார்க்காமல் அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

நிஜ பெங்கால்ஸும் ஐந்தில் சேஸைத்தான் எடுத்தது. அப்புறம் 38-ஐ விற்று 46-க்கு இறங்கி, கிளெம்சனில் இடது டாக்கிளாக இருந்த ஒஹாயோ பையன் ஜாக்சன் கார்மனை கார்டாக்க எடுத்தார்கள். ஹம்ஃப்ரி 63 வரை காத்திருந்து கான்சாஸ் சிட்டிக்குப் போனார். டிரே ஸ்மித்தையும் அவர்களே ஆறாம் சுற்றில் 226-ஆவதாக எடுத்தார்கள். சூப்பர் பௌலில் 31-9 என்று தோற்றுவிட்டு வந்த அணி, ஒரே கோடையில் லைனையே மாற்றிக் கட்டியது.

அந்த சீசனில் பந்தை எறியும் முன்பே பர்ரோவை 51 முறை சாய்த்தார்கள், லீகிலேயே அதிகம். டென்னசிக்கு எதிரான பிளேஆஃபில் மட்டும் ஒன்பது முறை, அப்படியும் ஜெயித்தார்கள். சூப்பர் பௌலில் ஏழு. “சுவெல்லை எடுத்திருந்தால்” என்று இன்னும் என்னிடம் சொல்பவர்களுக்கு நான் அந்த சூப்பர் பௌலில் பெங்கால்ஸின் கடைசி முயற்சியைப் போட்டுக் காட்டுவேன். நான்காவது, அதாவது கடைசி வாய்ப்பு, ஒரு கெஜம் வேண்டும், எதிரணியின் ஏரன் டொனால்ட் கார்டைத் தாண்டி உள்ளே வந்து பர்ரோவைச் சுழற்றிவிட்டார். அந்த நேரத்தில் சேஸ் தன்னைத் தடுக்க நின்றவரைத் தாண்டித் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். உடைந்தது நடுப்பகுதி, அதை இரண்டாம் சுற்றில் அடைத்திருக்கலாம். சுவெல் டெட்ராய்ட்டில் ஆல்-புரோ ஆனது எனக்கும் தெரியும், அதை நான் மறுக்கவில்லை.

2022-இல் பெங்கால்ஸ் காசைக் கொட்டி காப்பா, காரஸ், லயெல் காலின்ஸ் என்று மூன்று பேரை வெளியிலிருந்து வாங்கியது. 2024-இல் 18-ஆவது இடத்தில் டாக்கிள் அமேரியஸ் மிம்ஸை எடுத்தார்கள். அதற்குள் நாலு டாக்கிள்கள் போயிருந்தார்கள், அடுத்த வாய்ப்பு வரை காத்திருந்தால் அந்தத் தரத்தில் எவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அந்தச் சீட்டு எனக்கு வந்திருந்தால் நானும் அவரைத்தான் எடுத்திருப்பேன்.