பதில் வராத முகவரி

அலுவலக நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தானாகக் கண்டறியும் மென்பொருள், ஒரு முகவரியில் எதுவும் இல்லை என்று சொன்னால், அங்கே கருவியே இல்லாமல் இருக்கலாம். இருந்தும் பதில் சொல்லாமல் இருக்கலாம். மென்பொருள் அந்த முகவரியைக் கேட்கவே இல்லை என்றும் இருக்கலாம். கடைசியில் சொன்னதுதான் ஆபத்து. கருவிகளின் பதிவேட்டைச் சரிபார்க்கும் விதிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 30 நாள் காணவில்லை என்றால் கருவியை 'நீக்கப்பட்டது' என்று குறித்துவிடும். எந்த முகவரியைக் கேட்பது என்பதை முடிவு செய்வது நாம் கொடுக்கும் வரம்பின் (கேட்க வேண்டிய முகவரிகளின் தொகுப்பின்) வகை.

மொரீசியஸில் நெட்வொர்க் வேலை பார்க்கிற தமிழர்களுக்கு எபென் பழகிய ஊர். ஆப்பிரிக்காவுக்கு ஐபி முகவரிகளைப் பங்கிடும் ஆஃப்ரினிக்கின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்துக்குள் புழங்குவது பெரும்பாலும் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய தனியார் முகவரிகள் (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் சிறியதானால் தொகுதி பெரிது). இவற்றை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், எதை எங்கே கொடுத்தோம் என்ற கணக்கும் நம் தலையில்தான்.

வரம்பை மூன்று விதமாகக் கொடுக்கலாம்: நெட்வொர்க்காக, தொடக்கம்–முடிவாக, தனித்தனி முகவரிப் பட்டியலாக. நெட்வொர்க் என்று கொடுத்தால் முதல் முகவரியையும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்பும் கடைசி பிராட்காஸ்ட் முகவரியையும் தவிர்த்துவிடும் மென்பொருள்கள் உண்டு. அது சரியான பழக்கம்தான், சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு துண்டு) எல்லையை நாம் சரியாகச் சொல்லும்வரை.

10.20.4.0/22 என்ற சப்நெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 10.20.4.0 முதல் 10.20.7.255 வரை 1,024 முகவரிகள், கருவிகளுக்கு 1,022. இதையே நான்கு /24 நெட்வொர்க்குகளாகப் பதிந்தால் நான்கு தடவை 254, அதாவது 1,016. ஆறு முகவரிகள் காணாமல் போயின. 10.20.4.255, 10.20.5.0, 10.20.5.255, 10.20.6.0, 10.20.6.255, 10.20.7.0 ஆறும் அந்த /22க்குள் முறையான முகவரிகள். கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் அவற்றைத் தாராளமாக லேப்டாப்புகளுக்குக் கொடுக்கும். முகவரிகளைக் கேட்டுப் பார்க்கும் ஸ்கேன் மட்டும் அவற்றைத் தொடாது. ஆறுதானே என்று விடக் கூடாது. அந்த ஆறில் ஒன்றில் நிலையான முகவரியோடு ஒரு சர்வர் உட்கார்ந்திருந்தால், அது ஒருநாளும் பதிவேட்டுக்கு வராது. ஏன் வரவில்லை என்று எந்தப் பிழைச் செய்தியும் வராது.

/31 இணைப்புகளில் இது இன்னும் மோசம். இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே இருக்கும் அந்த இரண்டு முகவரிகளும் பயன்பாட்டில் உள்ளவை. முதலையும் கடைசியையும் விட்டுவிட்டால் கேட்க எதுவுமே மிஞ்சாது. ரூட்டர் இணைப்புகளையும், ரூட்டருக்குள்ளேயே இருக்கும் லூப்பேக் முகவரிகளையும் பட்டியலாகவே கொடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் தொடக்கம்–முடிவு வகைக்கு மாற்றிவிடவும் கூடாது. ஸ்கேனர் அதே சப்நெட்டில் இருந்தால், பிராட்காஸ்ட் முகவரிக்கு அனுப்பும் எஸ்என்எம்பி (கருவியின் விவரம் கேட்கும் முறை) கேள்வி எல்லாக் கருவிகளுக்கும் போய்ச்சேரும். பிரிண்டர்கள் தத்தம் முகவரியிலிருந்து பதில் சொல்லும், எது யாருடைய பதில் என்று குழம்பும். வேறு சப்நெட்டிலிருந்து அனுப்பினால், 1999க்குப் பிறகு வந்த பரிந்துரைப்படி ரூட்டர் வழக்கமாக அதை நிறுத்திவிடும். அகலமான வரம்புக்கு நேரச் செலவும் உண்டு. ஒரு முகவரிக்கு 1 வினாடி, ஒரே சமயத்தில் 100 முகவரிகள் என்று வைத்தால் /16 ஒன்று ஏறக்குறைய 11 நிமிடத்தில் முடியும். 10.0.0.0/8 முழுவதும் என்றால் 46 மணி நேரத்துக்கும் மேல். தினசரி ஸ்கேன் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும்.

ஸ்கேன் தொடக் கூடாத முகவரிகளின் விலக்குப் பட்டியலும் ஒரு வரம்புதான், அதே கவனம் அதற்கும் வேண்டும். அச்சிடத் தரவு வாங்கும் பிரிண்டரின் 9100 போர்ட்டில் ஸ்கேனர் தரவு அனுப்பினால் புரியாத எழுத்துகளோடு தாள்கள் வெளியே வரும். சர்க்கரை ஆலையின் பழைய பிஎல்சி கட்டுப்பாட்டுக் கருவிகள் சாதாரண போர்ட் ஸ்கேனிலேயே உறைந்துபோகக்கூடும். கரும்பு அரவைக் காலத்தில் அந்தப் பரிசோதனை வேண்டாம். அப்படி விலக்கியவற்றைப் பதிவேட்டிலும் 'கையால் பராமரிப்பது' என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் 30 நாளில் விதி அவற்றை நீக்கிவிடும்.

இனி பதிவுகளை இணைக்கும் கட்டம். முகவரியையே அடையாளமாக வைத்தால் டிஹெச்சிபி வரம்பு ஒவ்வொன்றும் குப்பை மேடாகும். விண்டோஸ் சர்வரில் குத்தகைக் காலம் (ஒரு கருவி ஒரு முகவரியை வைத்திருக்கும் காலம்) இயல்பாக 8 நாள். ஒரே லேப்டாப் மாதத்தில் நாலு பதிவாகலாம், நாலு லேப்டாப் ஒரே பதிவில் மாறி மாறி உட்காரலாம். ரோஸ் ஹில் கிளையிலும் கியூர்பிப் கிளையிலும் 192.168.1.0/24 இருந்தால் இரண்டு 192.168.1.10 கருவிகள் ஒன்றாகிவிடும். கிளைக்கொரு ஸ்கேனர் வைத்து, வரம்போடு கிளையின் பெயரையும் சேர்த்துப் பதிவது இதற்கு வழி. அடையாளத்தில் சீரியல் எண் முதலில் வரட்டும், மேக் முகவரி (நெட்வொர்க் அட்டைக்கு உரிய எண்) அதற்குப் பின். 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்ற பொருளில் மதர்போர்டுகள் தரும் வெற்றுச் சீரியலை விதியிலேயே ஒதுக்குங்கள். லேப்டாப்பைச் செருகும் யுஎஸ்பி டாக்கின் மேக் முகவரியையும் நம்பாதீர்கள். அது டாக்கோடு மேசையிலேயே தங்கிவிடும். மேக் முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ (A), இ (E) என்று இருந்தால் அது தொழிற்சாலையில் தந்த நிலையான முகவரி அல்ல. கைபேசிகளில் பெரும்பாலும் அது வைஃபைக்காகப் போட்டுக்கொண்ட தற்காலிக முகவரி.

இந்தத் தீவுக்கென்று ஒரு கவலை. காவடி விடுமுறையை வாரக்கடைசியோடு சேர்த்து எடுப்பவர்கள் பலர். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தால் அலுவலகங்கள் மூடி, கருவிகள் அணைக்கப்படும். வாரம் ஒருமுறை ஓடும் ஸ்கேன் அந்த நாளில் விழுந்தால் ஒரு சப்நெட்டே மௌனமாகும். ஒரே ஓட்டத்தில் ஒரு சப்நெட்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனால் நீக்கும் விதி நிற்க வேண்டும், மனிதர் பார்க்க வேண்டும்.

பார்க்கிறவர் முதலில் தேட வேண்டியது, அந்த முகவரி இன்றைய வரம்புகளில் எதற்குள்ளாவது இருக்கிறதா என்பதை. இருந்தால், கடைசி ஓட்டத்தின் பதிவில் அந்த முகவரிக்குக் கேள்வி போனதா என்று பாருங்கள். போயிருந்து பதில் இல்லை என்றால் எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி என்று காட்டும் ஸ்விட்சின் மேக் அட்டவணையைத் திறக்கலாம். கருவி அங்கே ஒரு போர்ட்டில் தெரிந்தால் ஃபயர்வாலையும் லாகின் விவரங்களையும் சரிபாருங்கள். முகவரி எந்த வரம்பிலும் இல்லை என்றால் பதிவைத் தொடாமல் வரம்பைத் திருத்தி, அந்தச் சப்நெட்டை மட்டும் அன்றிரவே மறுபடி ஓடவிடுங்கள்.