லயத்துத் தண்ணீர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் அரசாங்கக் கிளினிக்கில் நான் தாதியாகப் பணியாற்றுகிறேன். ஒரு மழைக்காலத்தில், இரண்டே வாரங்களுக்குள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரே லயத்திலிருந்து ஐந்து பேர் டிங்கிக் காய்ச்சலுடன் வந்தனர். டிங்கி என்றால் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; தெரிவித்தோம், புகையும் அடித்தார்கள். ஆனால் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், நீரில் நெளியும் புழுவைத் தொடாது. ஆறாவதாக ஒரு பள்ளிச் சிறுமி வந்தாள்.

தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள் என்று அவளுடைய பாட்டியிடம் வழக்கம்போல் சொன்னேன். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில தண்ணி வருது மிஸ்ஸி. பிடிச்சு வைக்காம எப்படிச் சமைக்கிறது?" என்றார். அதன்பின் அந்த அறிவுரையை மீண்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, புழு காணப்பட்டால் அந்த வீட்டில் குடியிருப்பவருக்கே அபராதம் விதிக்கலாம் என்பதை நினைத்தபோது இன்னும் வருத்தமாக இருந்தது.

மருத்துவ அதிகாரியின் அனுமதியுடன், ஆலயத் தலைவரை உடன் அழைத்துக்கொண்டு, இரண்டு சனிக்கிழமைகள் வீடு வீடாகச் சென்றேன். நோயாளிகளின் அந்தரங்கம் கருதி எவருடைய பெயரையும் எழுதவில்லை. எந்த வரிசை, எத்தனை டிரம், எத்தனையில் புழு, கடைசியாகத் தண்ணீர் வந்தது எப்போது என்பவற்றை மட்டும் ஒரே தாளில் குறித்தேன். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏழு முதல் பத்து நாள்களில் கொசுவாகிவிடும் என்பதால், குழாய் வறண்ட நாள்களையும் காய்ச்சல் தொடங்கிய நாள்களையும் அருகருகே வைத்ததும் தொடர்பு கண்ணுக்குத் தெரிந்தது.

தோட்ட நிர்வாகம் முதலில், மக்களுக்குத் துப்புரவு போதவில்லை என்றது. அங்கேதான் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் எங்களுக்குத் துணை நின்றது: தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்குவது முதலாளியின் கடமை என்கிறது அது. அதைச் சுட்டி மருத்துவ அதிகாரி எழுதிய கடிதத்தின் நகல் தொழிலாளர் இலாகாவுக்கும் சென்றது. அடுத்த கூட்டத்தில் நான் பேசவில்லை. பாட்டி பேசினார், நான் மலாயில் மொழிபெயர்த்தேன். தாளிலிருந்த எண்களைவிட அவருடைய சமையலறைக் கணக்கையே எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள்.

சில மாதங்களில் புதிய பம்ப் வந்தது; இப்போது காலையும் மாலையும் தண்ணீர் வருகிறது. ஆனாலும் பாட்டி ஒரு டிரம்மை மூடி போட்டு வைத்திருக்கிறார். அதை அகற்றும்படி நான் வற்புறுத்துவதில்லை. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுகிறாரா என்று மட்டும் கேட்கிறேன்.