பெருவுக்குப் போகும் வழி: உயரத்தை வைத்துப் போட்ட கணக்கு

வரும் மே மாதம் பெரு நாட்டுக்குப் போவதென்று நானும் மனைவியும் முடிவு செய்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பதினாறு நாள் விடுப்பு எளிதாகக் கிடைத்துவிட்டது. எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்று தீர்மானிக்கத்தான் மூன்று மாதங்கள் பிடித்தன. வரைபடத்தில் தூரத்தை அளந்து நான் போட்ட முதல் திட்டம் அடியோடு தவறு என்பது, ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் பக்கத்தில் அதன் உயரத்தைப் பென்சிலால் குறித்தபோதுதான் புரிந்தது. லிமா ஏறக்குறைய 150 மீட்டர், அரெக்கிபா 2,335, குஸ்கோ 3,400, புனோ 3,830, காட்டின் வாசலான புவெர்ட்டோ மால்டொனாடோ மறுபடியும் 200.

கடற்கரை, மலை, காடு என்று தங்கள் நாட்டை மூன்றாகப் பிரித்துப் பேசுவது பெரு மக்களின் வழக்கம். கோஸ்தா, சியெர்ரா, செல்வா என்பன அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள். நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் அமேசான் காடு; மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ பாலைவனக் கரையில் உள்ள லிமாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கிறது. பயணம் திட்டமிடுபவருக்கு இதிலுள்ள சிக்கல், மூன்றுக்கும் மூன்று பஞ்சாங்கம் என்பதுதான். மலையில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லிமாவில் நாள்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, லிமா தெற்கே ஏறத்தாழ அவ்வளவே தள்ளி இருக்கிறது. ஆனாலும் தெற்கிலிருந்து கரையை ஒட்டி வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கடலுக்கு மேலுள்ள காற்றைக் குளிர்வித்து, மேலே உள்ள வெப்பக் காற்றுக்கு அடியில் அதை மூடிவைத்துவிடுவதால், மேகம் தாழ்ந்து நின்றுகொண்டே இருக்குமே தவிர மழையாக இறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் சில மில்லிமீட்டர் மழைதான். அந்தப் பனித்தூறலை அவர்கள் கருவா என்கிறார்கள். நம் கருவாப்பட்டைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

அதனால் மே மாதத்தின் முதல் பாதியைத் தேர்ந்தோம். மலையில் மழைக்காலம் முடிந்து புல் இன்னும் பச்சையாக இருக்கும். லிமாவின் மூட்டமும் முழுதாகக் கவிந்திருக்காது. ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இந்தி ராய்மி என்னும் சூரிய விழாவைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அந்த வாரத்து விடுதி வாடகையைப் பார்த்ததும் அது தானாக அடங்கிவிட்டது.

உயரத்துக்கு நான் இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் டெல்லியிலிருந்து நேரே விமானத்தில் லே நகருக்குப் போய் இறங்கினேன். மாலையில் தலை பிளப்பதுபோல் வலித்தது, இரவில் வாந்தி, மறுநாள் முழுவதும் விடுதி அறையின் திரைச்சீலையில் இருந்த பூக்களை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். லேயின் உயரம் 3,500 மீட்டர்; குஸ்கோ அதைவிட நூறு மீட்டர்தான் தாழ்வு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆண்டிஸ் மலையில் இந்த நோய்க்கு சொரோச்சே என்று பெயர். விடுதிகளில் அதற்குக் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். ஆனால் உடலுக்கு வேண்டியது அவகாசம்தான். அதைத் தேநீர் தந்துவிடாது.

சுற்றுலா நிறுவனங்களின் திட்டங்கள் பலவும் முதல் இரவு லிமா, மறுநாள் காலை குஸ்கோ என்றே தொடங்குகின்றன. நாங்கள் இடையில் அரெக்கிபாவைச் செருகினோம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான சில்லார் என்னும் வெள்ளைக் கல்லால் கட்டிய ஊர் அது. தலைக்கு மேல் 5,822 மீட்டர் உயர மிஸ்தி எரிமலை நிற்கிறது. அங்கே மூன்று இரவு. அருகிலுள்ள கோல்கா பள்ளத்தாக்கில் காலை வெயிலில் சூடேறி மேலெழும் காற்றைப் பிடித்துக்கொண்டு காண்டோர் கழுகுகள் சிறகடிக்காமலே ஏறுமாம். சிறகு விரித்தால் மூன்று மீட்டர். ஆனால் அதற்குப் போகும் சாலை 4,900 மீட்டர் கணவாயைக் கடக்கிறது. மூன்றாம் நாளே அது வேண்டாம் என்று விட்டோம்.

அரெக்கிபாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானம். இறங்கியதும் ஊருக்குள் தங்காமல் வண்டி பிடித்து நேரே கீழே, 2,800 மீட்டரில் உள்ள ஒயன்டாய்டாம்போவுக்குப் போகிறோம். அங்கிருந்து ரயிலில் இன்காக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சு. அது 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வு. இது தெரியாமல்தான் பலர் குஸ்கோவில் இரண்டு நாள் தலைவலியோடு கிடந்துவிட்டு மச்சு பிச்சுவில் தெளிகிறார்கள். அதன் பிறகு குஸ்கோவில் நான்கு நாள் நிம்மதியாகத் தங்கலாம்.

இந்த வரிசையில் பலியானது புனோவை ஒட்டியுள்ள டிட்டிகாக்கா ஏரி. 3,812 மீட்டரில், கடல்போல் கரை தெரியாத நீரில், தோத்தோரா என்ற நாணல் வகையை அடுக்கடுக்காகப் பரப்பி, அடியில் அழுக அழுக மேலே புதிதாகப் போட்டு, அந்த மிதக்கும் தரையில் ஊரோஸ் மக்கள் வாழ்கிறார்கள். அதைப் பார்க்க இன்னும் மூன்று நாள் வேண்டும். ஏரியா காடா என்று கேட்டபோது மனைவி யோசிக்காமல் காடு என்றார். எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

காட்டுக்குப் போகும் வழியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குஸ்கோவிலிருந்து புவெர்ட்டோ மால்டொனாடோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். பேருந்தில் ஏறக்குறைய பத்து மணி நேரம். பகல் பேருந்துதான் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தச் சாலை முதலில் 4,700 மீட்டருக்கு மேல் ஏறி, அல்பாக்கா மந்தைகள் மேயும் இச்சு புல்வெளியையும் அவுசங்காத்தே பனிமலையையும் காட்டிவிட்டு, வளைவு வளைவாக மேகக்காட்டுக்குள் இறங்கி, பெருவிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான கின்ஸெமில் வழியாகச் சமவெளிக் காட்டை எட்டுகிறது. காலையில் கம்பளிச் சட்டை, மாலையில் வியர்வை. கரை, மலை, காடு என்ற மூன்று பகுதிகளையும் தனித்தனியே பார்க்கிறோம். ஒன்று எங்கே இன்னொன்றாகிறது என்பதைப் பார்க்க இந்த ஒரு பகல்தான் இருக்கிறது.

காடு என்றதும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வந்துவிடுகிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அங்கே போவதற்குக் கேட்கிறார்களோ இல்லையோ, திரும்பி வரும்போது இந்தியாவில் கட்டாயம் கேட்பார்கள். நோயைப் பரப்பும் கொசு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது, நோய்தான் இன்னும் வரவில்லை என்பதால், சான்றிதழ் இல்லாதவரை ஆறு நாள்வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது.

தம்போபாத்தா ஆற்றோர விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று. களிமண் கரையைக் கொத்தித் தின்ன ஐவண்ணக் கிளிகள் விடியலில் கூட்டமாக வரும் இடம் அங்கிருந்து படகில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. தென்திசையிலிருந்து ஃப்ரியாஹே என்னும் குளிர்காற்று மே மாதத்திலேயே புகுந்துவிட்டால் காட்டிலும் நடுங்கவேண்டியதுதான். ஆகவே கம்பளிச் சட்டைகளைக் குஸ்கோவில் விட்டுச்செல்லும் யோசனையைக் கைவிட்டோம்.

மச்சு பிச்சுவுக்கு நாள், நேரம், நடைவழி மூன்றையும் குறிப்பிட்டு முன்கூட்டியே சீட்டு வாங்கவேண்டும். வாயிலில் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார்கள். படங்களில் பின்னால் செங்குத்தாக நிற்குமே, ஹுவாய்னா பிச்சு, அதன்மேல் ஏறத் தனிச் சீட்டு. அதையும் வாங்கிவிடலாம் என்கிறார் மனைவி. "லேயில் கட்டிலைவிட்டு இறங்காதவர் இதற்குக்கூட ஏறமாட்டீர்களா?" என்று நேற்று இரவு கேட்டார். அதன் உச்சி 2,693 மீட்டர் என்று பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன். பதில் இன்னும் சொல்லவில்லை.