கல்லியை உயர்த்தியதன் பலன்

2022 ஏப்ரல் 11, திங்கள் இரவு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அன்று பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீடு சரிவின் அடியில் இருக்கிறது. மேட்டு வீடுகளின் கழிவுநீர் முழுவதும் எங்கள் வேலிக்குப் பின்னால் போகும் பொதுக் குழாயில்தான் இறங்கும். பத்து மணி வாக்கில் பின்கட்டுக் கழிப்பறை 'களக் களக்' என்று சத்தமிட்டது.

"யாரப்பா இந்த நேரத்தில் குளிப்பது?" என்றார் அம்மா.

யாரும் குளிக்கவில்லை. குளியலறைத் தரைத் துளை வழியாகக் கறுத்த நீர் பொங்கிக்கொண்டிருந்தது. அதில் நாலைந்து சோள மணிகள் மிதந்தன. அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சோளம் தின்னவில்லை. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. நம் வீட்டு அடைப்பு என்றால் குழாயை மூடி, கழிப்பறையில் நீர் ஊற்றாமல் இருந்தால் வரத்து நின்றுவிடும். இதுவோ ஊர்ச் சாக்கடை.

டிபி போர்டு, அதாவது வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடும் பலகை, முன்வீட்டில், உலர்ந்த நடையில் இருந்ததால் பின்கட்டுக்கான மின்சாரத்தை நிறுத்த முடிந்தது. அது பின்கட்டில் இருந்திருந்தால் தண்ணீரில் இறங்கிப் போய்த் தொட்டிருக்க மாட்டேன். அம்மாவையும் பிள்ளைகளையும் மாடிக்கு அனுப்பினோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் பிளம்பர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழைக்கோட்டுடன் வந்தவர் குளியலறைப் பக்கமே திரும்பவில்லை. "கல்லி எங்கே தம்பி?" என்று கேட்டார்.

சமையலறைச் சன்னலுக்குக் கீழே, பாத்திரம் கழுவும் தொட்டியின் நீர் வந்து விழும் வடிகால் குழியைத்தான் இங்கே கல்லி என்போம். இரண்டு வருடத்துக்கு முன் முற்றத்துக்குத் தளம் போட்டபோது, பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குச் செங்கல் கட்டிவிட்டேன். கூரை மழைநீர்க் குழாயையும் அதற்குள்ளேயே விட்டிருந்தேன். அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கல்லியின் வாய் வீட்டுக்குள் இருக்கும் எந்த வடிகாலையும்விடத் தாழ்வாக இருக்க வேண்டுமாம். பொதுக் குழாய் திணறும்போது சாக்கடை அங்கே வழிந்து முற்றத்தோடு போகும். நான் அந்த வாயை உயர்த்திவிட்டதால் அது குளியலறையைத் தேடி வந்திருக்கிறது. மழைநீரைக் கழிவுக் குழாயில் விடுவதும் சட்டப்படி தவறு. சரிவில் பாதி வீடுகள் அதைத்தான் செய்கின்றன என்பது வேறு விஷயம்.

கொட்டும் மழையில் சுத்தியலால் செங்கல்லை உடைத்தோம். குபுக்கென்று முற்றத்தில் பாய்ந்தது. கால் மணி நேரத்தில் உள்ளே நீர் இறங்கத் தொடங்கியது.

காலையில் சுத்தம் செய்யப் பார்த்தால் குழாயில் தண்ணீர் இல்லை. ஜோஜோ என்னும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் பிடித்த மழைநீர்தான் கைகொடுத்தது. கம்பூட்ஸ் என்னும் ரப்பர் காலணி, தடித்த ரப்பர் கையுறை, மகனின் நீச்சல் கண்ணாடி, முகக்கவசம். செங்கல் கீறிய விரலில் நீர் புகாத பிளாஸ்திரி போட்டேன். அன்றே டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொண்டேன். ஜிக் என்னும் ப்ளீச் பாட்டிலைத் திறந்த கையோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் எடுத்தேன். மனைவி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைத்துவிடும். முதலில் சேற்றை மண்வெட்டியால் வழித்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் ஜிக் அங்கேயே வீணாகிவிடும். பிறகு பத்து லிட்டர் வாளிக்கு ஒரு கோப்பை ஜிக் கலந்து, தரையிலும் சுவரிலும் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டோம். சன்னல்களை எல்லாம் திறந்து வைத்தோம்.

பித்தளை விளக்கு தேய்த்ததும் பளபளத்தது. அம்மாவின் பஞ்சு மெத்தைதான் பெரும்பாடு. "இரண்டு நாள் வெயிலில் போட்டால் சரியாகிவிடும்" என்று அவர் விடவே இல்லை. சாக்கடையை உறிஞ்சிய பஞ்சை எந்த வெயிலும் சுத்தமாக்காது. படம் எடுத்து வைத்துக்கொண்டு தூக்கிப் போட்டோம். வியாழக்கிழமை புத்தாண்டு, கோலம் போட வேண்டிய இடத்தில் மெத்தை கிடந்தது. கல்லியோரத்துக் கறிவேப்பிலையைச் சில வாரம் யாரும் பறிக்கவில்லை.

இப்போது மழைநீர்க் குழாய் ஜோஜோ தொட்டிக்குப் போகிறது. கல்லி பழையபடி தாழ்வாக, கம்பி மூடியோடு இருக்கிறது. அசிங்கம் தெரியக்கூடாதென்று அம்மா அதன்மேல் துளசித் தொட்டியை வைக்கிறார். நான் எடுத்து நகர்த்துகிறேன். மறுநாள் காலையில் தொட்டி மறுபடியும் அங்கேயே இருக்கிறது.