இம்பேயில் வாங்கிய குவளை

ஜப்பானில் ஒகாயாமா நகரிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம்தான் இம்பே. சின்ன ஸ்டேஷன். வெளியே வந்ததுமே வீட்டுக் கூரைகளுக்கு மேலே செங்கல் புகைபோக்கிகள் தெரிகின்றன. பிசென் மண்பாண்டங்களின் ஊர் இது.

முதல் கடையிலேயே ஒரு குவளையைக் கையில் எடுத்தேன். மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்ததுபோல இருந்தது. ஒரு பக்கம் எள்ளைத் தூவியதுபோல மஞ்சள் புள்ளிகள். மறுபக்கம் புகை படிந்த நீலம். விளிம்பில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று இருக்கிறது. போன தடவை சூளை மூட்டியபோது வெந்ததாம், சில மாதம்கூட ஆகவில்லை.

இந்தப் பழமை பூசி வருவதில்லை. பிசெனில் மெருகுப் பூச்சே கிடையாது. சிவப்புப் பைன் மர விறகு போட்டு, 1200 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, பத்து நாளுக்கும் மேலாக எரிக்கிறார்கள். பறக்கிற சாம்பல் பாண்டத்தின் தோளில் விழுந்து உருகி ஒட்டிக்கொள்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயரும் 'கோமா', அதாவது எள்தான்! சாம்பலுக்குள் புதைந்து காற்றுப் படாமல் வெந்த பக்கம் நீலமாகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஹிடாசுகி. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பாண்டங்களில் வைக்கோல் சுற்றி அடுக்குவார்கள். வைக்கோல் எரிந்துபோகும், அதிலுள்ள காரப்பொருள் களிமண்ணின் இரும்போடு சேர்ந்து, அது கிடந்த இடமெல்லாம் சிவப்புக் கோடாக நின்றுவிடும். சுரண்டியும் சாயம் தேய்த்தும் பழசாக்கிய பீங்கான்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எந்தத் தழும்புக்கும் காரணம் இருக்காது. இதில் ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது.

அப்புறம் ஸ்டேஷனுக்குத் தெற்கே நடந்து பழைய பெருஞ்சூளையின் சிதைவைப் பார்த்தேன். 50 மீட்டருக்கும் மேல் நீளம். ஊரே சேர்ந்து எரித்த சூளை, இப்போது மலையடிவாரத்தில் மண்மேடு. மொமோயாமா காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், தேநீர்ச் சடங்குக்காரர்கள் தேடி வாங்கியது பிசென் பாண்டங்களை. பின்னால் அந்த முரட்டு அழகு வழக்கொழிந்து, நுணுக்கமான பொம்மைகள் செய்வது பெருகியது. அப்படிப் பொம்மை செய்துகொண்டிருந்த கனேஷிகே டோயோதான் மொமோயாமா பாண்டங்களைக் குருவாக வைத்து, மண்ணையும் நெருப்பையும் மறுபடி கற்றுக்கொண்டார். 1956இல் ஜப்பான் அவரை, மரபுக் கலைகளில் தேர்ந்தவர்களுக்குத் தரும் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது. இன்று கடைகளில் நாம் எடுத்துப் பார்க்கிற குவளைகளுக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

சரி, குவளையை வாங்கிவிட்டேன். அலமாரியில் வைக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைத்துவிட்டுத் தினமும் புழங்குங்கள் என்றார் கடைக்கார அம்மா. மூன்று மாதமாக அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் சொரசொரப்பு குறைந்து, லேசாக ஒரு மினுமினுப்பு வந்திருக்கிறது.