துப்புக்கூலியும் ரேகைச் சட்டமும்

மதுரைப் பக்கத்துப் பழைய குற்றக் கதைகளைத் தேடிப் போகிறவர் எவரும் 1906-ல் ஆங்கிலேய அரசு வெளியிட்ட மதுரை மாவட்டக் கெசட்டியரில் போய் நிற்காமல் இருக்க முடியாது. திருமலை நாயக்கர் மகாலின் பள்ளியறைக் கூரையில் இருந்த ஒரு துளையைப் பற்றி அதில் ஒரு கதை உண்டு. அந்தத் துளை வழியாகக் கள்ளர் சாதியைச் சேர்ந்த ஒருவர் இறங்கி அரச நகைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். திருடியவரைக் கொண்டுவந்து நிறுத்துபவருக்கு ஜாகீர், அதாவது நில மானியம், தருவதாக மன்னர் அறிவிக்க, எடுத்தவரே வந்து நின்று அந்தப் பரிசைக் கேட்டாராம். மன்னரும் கொடுத்த வாக்கைத் தவறாமல் ஜாகீரை வழங்கிவிட்டு, அடுத்த கணமே அவருடைய தலையை வெட்ட உத்தரவிட்டாராம்.

இது நடந்ததா என்பதை நிரூபிக்க வழியில்லை. எனக்கு அதில் அக்கறையும் இல்லை. களவு செய்தவரே அதற்குப் பரிசும் கேட்டு வாங்குவது இந்தக் கதையின் நடுவில் இருக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. களவு போன பொருளை எடுத்தவரிடமே விலை கொடுத்து மீட்கும் வழக்கம் நிஜத்திலும் இருந்தது. வைகைக்குத் தெற்கேயும் நாகமலைக்கு அப்பாலும் இருந்த ஊர்களில் அந்த வழக்கத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர்.

அது நடந்த விதம் இதுதான். ஒரு குடியானவரின் உழவு மாட்டு ஜோடி இரவில் தொழுவத்திலிருந்து காணாமல் போகும். விவரம் தெரிந்தவர் காவல் நிலையத்துக்குப் போக மாட்டார். போனால் மாடு திரும்பாது என்பது ஊரறிந்த சங்கதி. சில நாட்களில் இடையாள் ஒருவர் தற்செயலாக வந்தவரைப் போல வந்து, விசாரித்துப் பார்க்கலாம் என்பார். மாட்டின் விலையில் ஏறக்குறைய பாதி பேசி முடிவாகும். பணம் கைமாறிய பிறகு, இன்ன ஓடைக்கரையில் இன்ன மரத்தடியில் போய்ப் பார்க்கும்படி சொல்லப்படும். மாடு அங்கே கட்டிக் கிடக்கும். யார் அவிழ்த்தார், யார் கட்டினார் என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை.

இதை வெறும் மாட்டுத் திருட்டு என்று எழுதிவிட்டு நகர்வது எளிது, அக்கால அதிகாரிகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அதே நாட்டில் காவல் என்ற ஏற்பாடும் இருந்தது. ஊரும் கடைவீதியும், பெரும்பாலும் கள்ளராக இருந்த காவல்காரருக்கு ஆண்டுதோறும் தானியமோ பணமோ கொடுத்து வந்தன. காவலில் இருக்கும்போது பொருள் களவு போனால் காவல்காரர் அதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். காவல் கூலியை நிறுத்திய ஊரில் வைக்கோல் போர் தீப்பிடித்ததும், தொழுவம் காலியானதும் உண்மை. நாயக்கர் காலத்தில் அரசே ஒப்புக்கொண்டிருந்த இந்தப் பொறுப்பைக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி பறித்துக்கொண்டு சம்பளப் போலீசை ஊருக்குள் இறக்கியது. பறிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு எதுவும் கொடுக்கவில்லை. காவல் மட்டும் அரசுக்குத் தெரியாமல் தொடர்ந்தது, முன்னைவிடக் கசப்போடு. குடியானவர்கள் பொறுமையிழந்து 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்தில் பண்டு என்ற பெயரில் பணம் திரட்டி, மாட்டை இழந்தவருக்குத் தாங்களே ஈடு கொடுத்து, காவல்காரர்களை ஊரைவிட்டு விரட்டத் தொடங்கினார்கள். அதில் வீடுகள் எரிந்தன, குற்றம் செய்தவரும் செய்யாதவரும் ஒன்றாகவே அடிபட்டார்கள்.

இதற்கு ஓராண்டுக்கு முன்னால், 1895-ல், முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டிருந்தது. அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்ந்து, அந்த ஆற்றின் குறுக்கேயுள்ள பேரணையில் பிரிந்து, மேலூர் வரை வயல்களுக்குப் போனது. மேலூர்ப் பக்கத்துக் கள்ளர் ஊர்களில் நெல் விளைந்தது. உசிலம்பட்டிப் பக்கம் கால்வாய் எட்டாத மேட்டு நிலமாகவே கிடந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அரசின் கெடுபிடி எந்தப் பக்கம் இறுகியது என்று பார்த்தால், காய்ந்த பக்கம்தான் அதிகம் அகப்பட்டது. குற்றத்துக்கும் குலத்துக்கும் முடிச்சுப் போட்ட அதிகாரிகள் இந்த வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கலாம்.

ஒரு குலம் முழுவதையும் குற்றக் குலமாக அறிவிக்க அரசுக்கு இடம் கொடுத்த 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் சமணர் மலையடிவாரத்துக் கீழக்குடிக் கள்ளர்கள் மீது அது முதலில் பாய்ந்தது; பிறகு உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் ஊர்கள் ஒவ்வொன்றாக அதற்குள் இழுக்கப்பட்டன. ஊர் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். வயது வந்த ஆண்கள் பத்து விரல்களையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பலர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். கல்யாணமான அன்று இரவுகூட மாப்பிள்ளை அங்கே போய்ப் படுத்ததாகப் பெரியவர்கள் சொல்லும் கதை இந்தப் பக்கத்து ஊர்களில் பலமுறை கேட்கக் கிடைக்கும். ஒரு வழக்கும் இல்லாதவருக்கும் இதே கதிதான். அறிவிக்கை செல்லாது என்று நீதிமன்றத்தில் வாதிடவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

சேடபட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். தாங்கள் உழுது பிழைப்பவர்கள், தங்களை எதற்குப் பதிய வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. 1920 ஏப்ரல் 3 அன்று ஆயுதப் போலீஸ் ஊரைச் சூழ்ந்தது; கூட்டம் கலையாதபோது சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்ததாகப் பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் மாயக்காள் என்பது ஊரின் நினைவு. இறந்தவர்களை வண்டியில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்ததாகவும், பிடிபட்டவர்களைச் சங்கிலியிட்டுத் திருமங்கலம் வரை நடத்திச் சென்றதாகவும் சொல்கிறார்கள். மதுரை வட்டாரத்தின் குற்ற வரலாற்றை எழுதுகிறவர் மாட்டுத் திருட்டுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கிவிட்டு இந்த நாளை ஒரு வரியில் தாண்டினால், அந்தப் புத்தகத்தை நான் நம்ப மாட்டேன்.

சட்டத்துக்கு எதிராக வழக்காடியவர்களில் முக்கியமானவர் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவர் அந்தப் போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல் நீக்கப்பட்டது. சீரமைப்பு என்ற பெயரில் அரசு தொடங்கிய கள்ளர் பள்ளிகள் மட்டும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நிலைத்து, அடுத்தடுத்த தலைமுறைகளைப் படிக்க வைத்தன.

தண்ணீர்க் கணக்கு இன்னும் தீரவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்காக வைகை அணையிலிருந்து 58 கிராமக் கால்வாய் வெட்டப்பட்டுவிட்டது. அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 67 அடியை எட்டினால்தான் அந்தக் கால்வாயில் தண்ணீர் விட முடியும். மழை கைகொடுக்காத ஆண்டுகளில் கால்வாய் காய்ந்து கிடக்க, விவசாயிகள் மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார்கள்.