கார்டிசால் அடங்காதபோது: குஷிங் நோயைக் கண்டறிந்த வழி

முகமும் வயிறும் பருத்துக்கொண்டே போக, கைகால்கள் மட்டும் மெலிந்து, படியேறத் தொடைகளுக்கு வலுவில்லாமல் போனதோடு வயிற்றில் அகன்ற ஊதாநிற வரிகளும் தோன்றிய பிறகே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் சென்றேன். மூட்டு ஊசி, தோல் களிம்பு, இன்ஹேலர் என ஏதேனும் ஒரு வடிவில் ஸ்டீராய்டு உடலுக்குள் போயிருக்கிறதா என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். கார்டிசால் போன்ற ஸ்டீராய்டு உடலில் மிகுவதால் வரும் குஷிங் பாதிப்புக்கு மிகப் பொதுவான காரணம் அதுதான் என்பதால், அதை விலக்கிய பின்னரே பரிசோதனைகள் தொடங்கின.

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் காலையில் உயர்ந்தும் நள்ளிரவில் தாழ்ந்தும் இருப்பது இயல்பாகையால், நினைத்த நேரத்தில் எடுக்கும் ரத்தம் எதையும் சொல்லாது. முதலில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்தேன். காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலையின் முதல் சிறுநீர் வரை முழுவதையும் கேனில் சேர்க்க வேண்டும். அடுத்து, இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தப் பரிசோதனையும். நலமான உடலில் இம்மாத்திரை, அட்ரீனலைத் தூண்டும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி, கார்டிசாலை டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறக்கிவிடும். எனக்கு இறங்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைகளும் இந்த எண்ணைப் பொய்யாக உயர்த்தும் என்பதால், மருந்துப் பட்டியலை மறைக்காமல் சொல்வது நல்லது.

அட்ரீனலைத் தூண்டப் பிட்யூட்டரி சுரக்கும் ஏசிடிஎச் ஹார்மோனின் அளவு கூடியிருந்ததால் சந்தேகம் அட்ரீனலை விட்டுப் பிட்யூட்டரியின் பக்கம் திரும்பியது. ஆனால் எம்ஆர்ஐ தெளிவாக எதையும் காட்டவில்லை. ஏசிடிஎச் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டிகள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்களே இருக்கும். ஆகவே தொடை இடுக்கின் வழியே மெல்லிய குழாய்களைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் சிரைகளிலும் கையிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, ஏசிடிஎச் அளவை ஒப்பிட்டுக் கட்டி பிட்யூட்டரியில்தான் என்று உறுதிசெய்தார்கள். கேட்கும்போது அஞ்சிய அளவுக்கு அது வலிக்கவில்லை.

கட்டியை அகற்ற மூக்கின் வழியே செய்த அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த சோர்வும் குமட்டலும் மூட்டுவலியும்தான் என்னை உண்மையில் வாட்டின. கட்டி அகன்றதும் கார்டிசால் அடிமட்டத்துக்குச் சரிவது வெற்றியின் அடையாளம் என்றும், நெடுநாள் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரியின் இயல்பான செல்கள் விழிக்கப் பல மாதங்கள் ஆகும் என்றும் மருத்துவர் விளக்கினார். அதுவரை கார்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இப்போதும் அவ்வப்போது காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்கிறேன். அதில் வரும் எண்ணைப் பார்த்தே அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார்கள்.